அமெரிக்க நீர்மூழ்கிகள் பசிபிக்கில் ஜெயித்தது எதனால்?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியது இவ்வளவுதான்: "இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் யு-போட்டுகளைவிட அமெரிக்க நீர்மூழ்கிகள் சிறந்தவையா? அவர்களுடைய டார்பிடோ பாதி வெடிக்கவே இல்லை என்கிறார்களே, பிறகு ஜப்பானின் கப்பல்களை எப்படி மூழ்கடித்தார்கள்?" இதற்கு வந்த பதில்கள் பெரும்பாலும் எது பெரியது, எது வேகமானது என்பதோடு நின்றுவிட்டன. கேள்வியின் முடிச்சு அங்கே இல்லை என்று நினைக்கிறேன். கப்பல் நன்றாக இருந்தது, ஆயுதம், அதாவது தண்ணீருக்கடியில் ஓடிப்போய் எதிரிக் கப்பலில் வெடிக்க வேண்டிய டார்பிடோ, மோசமாக இருந்தது. அந்த நிலையில் போரைத் தொடங்கிய ஒரு படை எதனால் ஜெயித்தது என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது.

நான் இந்தியக் கடற்படையில் டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கியில், எஞ்சின் பக்கம், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் இருந்தது ரஷ்யர்கள் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை. அமெரிக்கக் கப்பலில் பணி செய்ததில்லை. ஆனால் அவர்களுடைய பயிற்சிக் கையேடுகளும் போர்க்கால ரோந்து அறிக்கைகளும் இன்று எல்லோருக்கும் கிடைக்கின்றன, பல வருடங்களாக அவற்றைப் படித்து வருகிறேன். எஞ்சின், பேட்டரி பற்றிச் சொல்வதை என் தொழிலறிவை வைத்துச் சொல்கிறேன். போர் நிகழ்வுகளைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அன்றைய நீர்மூழ்கி நாள் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் ஓடுவதில்லை. அது மேலே மிதந்து ஓடும் கப்பல். தேவைப்படும்போது முழுகி ஒளிந்துகொள்ளும். மேலே டீசல், அடியில் பேட்டரி. அமெரிக்காவின் காட்டோ வகைக் கப்பல் மேலே 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) வேகத்துக்கு மேல் ஓடியது. அடியில் அதிகபட்சம் 9 நாட். அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். 2 நாட் வேகத்தில் ஊர்ந்தால் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். அதனால் இரவெல்லாம் மேலே வந்து சார்ஜ் போட்டுக்கொள்வது, பகலில் முழுகிக் கிடப்பது என்பதுதான் அன்றைய வாழ்க்கை.

இப்போது தூரத்தைப் பாருங்கள். பேர்ல் ஹார்பரிலிருந்து ஜப்பான் கரைக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேல். போய், அங்கே வாரக்கணக்கில் காத்திருந்து, சண்டை போட்டு, அதே தூரம் திரும்பி வர வேண்டும். வழியில் மிட்வே தீவில் டீசல் நிரப்பிக்கொள்ளலாம், போரின் முதல் ஆண்டுகளில் அதற்கப்பால் ஒன்றும் இல்லை. காட்டோவும் அதற்கடுத்த பலாவோவும் ஏறக்குறைய 312 அடி நீளம். மேலே மிதக்கும்போது சுமார் 1,525 டன். 10 நாட் வேகத்தில் 11,000 கடல் மைல் ஓடும், 75 நாள் ரோந்துக்கான சாமான் ஏற்றிக்கொள்ளும். டார்பிடோவை விடும் குழாய்கள் முன்னால் 6, பின்னால் 4 என்று 10, டார்பிடோ 24. ஜெர்மனியின் பிரதான வகையான ஏழு-சி அதில் ஏறக்குறைய பாதி: 769 டன், 5 குழாய், 14 டார்பிடோ. அட்லாண்டிக்குக்கு அது போதும். பிரான்ஸ் கரையிலிருந்து கிளம்பினால் சில நாட்களில் வேட்டைக் களம். குளிர்ந்த கடல், சின்ன உருவம், சீக்கிரம் முழுகும், ஆழமாகப் போகும். ஏழு-சி 700 அடிக்கும் கீழே இறங்கியது. காட்டோவுக்குப் பாதுகாப்பான ஆழம் 300 அடி, பலாவோவுக்கு 400. ஆழத்திலும் முழுகும் வேகத்திலும் ஜெர்மன் கப்பல்தான் மேல். 1943-இல் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் விமானங்களுக்கும் பாதுகாப்புக் கப்பல்களுக்கும் நடுவே ஒரு காட்டோவை விட்டிருந்தால் அதுவும் அடிதான் வாங்கியிருக்கும். ஏழு-சியை டோக்கியோ விரிகுடாவுக்கு அனுப்பியிருந்தால் போய்த் திரும்பவே டீசல் தீர்ந்திருக்கும். அதனால் எது சிறந்தது என்று கேட்டால், எந்தக் கடலுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எஞ்சின் அறைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஃபாக்ஸ்ட்ராட்டில் மூன்று டீசல், புரொப்பெல்லர்களுக்கு மூன்று தண்டு. டீசலே தண்டைச் சுழற்றும். அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். நான்கு டீசல்களும் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டும். புரொப்பெல்லரைச் சுழற்றுவது எப்போதும் மின் மோட்டார்தான். டீசலுக்கும் தண்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இதனால் எடை கூடும், கொஞ்சம் சக்தி வீணாகும். ஆனால் ஓடும்போதே ஒரு எஞ்சினை நிறுத்திக் கழற்றிப் பார்க்கலாம், மற்ற மூன்றும் கப்பலைக் கொண்டுபோகும். இரண்டு எஞ்சினைச் சார்ஜுக்கும் இரண்டை ஓட்டத்துக்கும் வைக்கலாம். பணிமனையே இல்லாத கடலில், வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில், இந்த வசதியின் மதிப்பு எஞ்சின்காரனுக்குத்தான் தெரியும்.

அந்த டீசல்களில் ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ் எஞ்சின் ஓர் அருமையான வேலைப்பாடு. ஒரே சிலிண்டருக்குள் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை நெருக்கும். மேலே ஒரு கிராங்க்‌ஷாஃப்ட், கீழே ஒன்று. சிலிண்டர் ஹெட் என்ற பாகமே இல்லை, வால்வும் இல்லை. ஹெட் கேஸ்கெட் ஊதிப்போய் ராத்திரி முழுக்க நின்று மாற்றியவர்களுக்கு இதன் அருமை புரியும். பின்னாளில் அணுசக்தி நீர்மூழ்கிகளிலும் அவசரகால ஜெனரேட்டராக இதே குடும்பத்து எஞ்சினை வைத்தார்கள். இன்னொரு பக்கம் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின், ரயில் எஞ்சின்களோடு சேர்ந்தே வளர்ந்தது. ரயில் கம்பெனிகள் வாங்கியதால்தான் அந்த உற்பத்தி நிலைத்தது. எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. சில காட்டோ கப்பல்களில் வைத்த ஹெச்.ஓ.ஆர். (ஹூவன்-ஓவன்ஸ்-ரென்ட்ஷ்லர்) கம்பெனி எஞ்சின் பெரும் தொல்லை. கியர் பற்கள் உடைந்து ரோந்தைப் பாதியில் விட்டுத் திரும்பிய கப்பல்கள் உண்டு. கடைசியில் அவற்றைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் வைத்தார்கள்.

ஏர்கண்டிஷன் வைத்திருந்தார்கள் என்றதும் சொகுசு என்று சிலர் எழுதுகிறார்கள். வெப்பமண்டலக் கடலில் முழுகிக் கிடக்கும் இரும்புக் குழாயில் அறுபது எழுபது பேர் மூச்சுவிட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன் நான். சுவரெல்லாம் வியர்க்கும். அந்த ஈரம் சுவிட்ச்போர்டில் சொட்டினால் மின்கசிவு, தீ. முந்தைய எஸ் வகைக் கப்பல்களில் இது தீராத தலைவலியாக இருந்தது. ஏர்கண்டிஷன் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மின்சாதனங்களைக் காப்பாற்றியது. மனிதர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி கூடுதல் லாபம். கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியும் இருந்தது. அந்த நல்ல தண்ணீரில் முதல் உரிமை பேட்டரிக்கு, பிறகு சமையலறைக்கு, மிச்சம்தான் குளிக்க.

முழுகும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். கன்ட்ரோல் அறையில் ஒரு விளக்குப் பலகை. அதற்கு 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். உடற்பகுதியில் உள்ள ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. முழுகு மணி அடித்ததும் சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் பெரிய வால்வு கடைசியில் மூடும். எல்லாம் பச்சை என்றதும் கொஞ்சம் அழுத்தக் காற்றை உள்ளே விட்டு பாரோமீட்டரைப் பார்ப்பார்கள். முள் ஏறி நின்றால் எங்கும் ஓட்டை இல்லை; இறங்கினால் எங்கோ திறந்திருக்கிறது. 1939 மே 23 அன்று ஸ்குவாலஸ் என்ற கப்பல் சோதனை ஓட்டத்தில் முழுகியபோது அந்தக் காற்று வால்வு திறந்திருந்ததால் தண்ணீர் உள்ளே பாய்ந்து, 240 அடிக்கும் கீழே தரையில் உட்கார்ந்தது. மூழ்கிய இடத்தைக் கண்டுபிடித்தது ஸ்கல்பின் என்ற சகோதரக் கப்பல். உயிரோடு இருந்த 33 பேரையும் மணி வடிவக் கூண்டை இறக்கி மீட்டார்கள். கப்பலையும் தூக்கி, சரிசெய்து, செயில்ஃபிஷ் என்று பெயர் மாற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1943 டிசம்பரில் அதே செயில்ஃபிஷ் ஜப்பானின் சூயோ என்ற விமானந்தாங்கியை மூழ்கடித்தது. சில நாட்களுக்கு முன் மூழ்கடிக்கப்பட்ட ஸ்கல்பினின் மாலுமிகள் 21 பேர் கைதிகளாக அந்த விமானந்தாங்கியில் இருந்தார்கள். அவர்களில் பிழைத்தவர் ஒருவர்.

இனி டார்பிடோ. 'வெடிக்கவே இல்லை' என்பது மிகை. ஆனால் மார்க் 14 டார்பிடோவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள் இருந்தன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்ததால்தான் கண்டுபிடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது.

முதல் கோளாறு ஆழம். பயிற்சியின்போது எடை குறைந்த போலித் தலையை மாட்டிச் சுட்டுப் பார்த்திருந்தார்கள். நிஜ வெடிமருந்துத் தலை கனம். ஆழத்தை அளக்கும் உறுப்பையும் தண்ணீர் வேகமாக உரசிப் போகும் இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே அழுத்தம் குறைவாகக் காட்டும், டார்பிடோ தான் மேலே இருப்பதாக நினைத்துக் கீழே இறங்கும். ஆக, 10 அடியில் ஓடச் சொன்னால் 20 அடிக்குக் கீழே, கப்பலின் அடிவயிற்றுக்கும் கீழே ஓடியது. கேப்டன்கள் புகார் எழுதினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற கதையாக, குறி தவறியவர்கள் ஆயுதத்தைப் பழிக்கிறார்கள் என்ற தொனியில் கடற்படையின் ஆயுதத் துறை பதில் சொன்னது. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்த அட்மிரல் சார்லஸ் லாக்வுட் ஒரு மீன்வலையை வாங்கி, ஆல்பனி அருகே கடலில் கட்டி, ஸ்கிப்ஜாக் கப்பலிலிருந்து டார்பிடோ விடச் சொன்னார். வலையில் விழுந்த ஓட்டையின் ஆழத்தை அளந்தார்கள். வாதம் அங்கே முடிந்தது; ஆகஸ்டில் ஆயுதத் துறையும் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது, காந்த வெடிப்பி. கப்பலின் அடியில் போகும்போது அதன் இரும்பை உணர்ந்து வெடிக்க வேண்டிய ரகசியக் கருவி. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க வடகிழக்குக் கரையில் சரியாக இருந்தது நிலநடுக்கோட்டுப் பக்கம் சரியாக இல்லை. பல டார்பிடோக்கள் கப்பலை எட்டும் முன்பே வெடித்தன. இந்தக் கருவியை நிஜ வெடிமருந்தோடு ஒரு கப்பல்மேல் சோதித்தது 1926-இல், பழைய நீர்மூழ்கி ஒன்றின்மேல். அந்த இரண்டு சுடுதல்களோடு சரி. அதில் முதலாவது வெடிக்கவில்லை. செலவு, ரகசியம் என்று காரணம் சொன்னார்கள். ஒரு டார்பிடோ அன்று சுமார் 10,000 டாலர். அந்தச் சிக்கனத்துக்கு மாலுமிகள் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் காந்த வெடிப்பியைத் துண்டிக்க உத்தரவிட்டார்.

அப்போதுதான் மூன்றாவது வெளியே வந்தது. 1943 ஜூலை 24 அன்று டினோசா கப்பலின் கேப்டன் டாஸ்பிட், நகர முடியாமல் நின்றுவிட்ட டோனான் மாரு என்ற பெரிய எண்ணெய்க் கப்பலுக்கு நேர் பக்கவாட்டில் போய் நின்று, நிதானமாக, ஒவ்வொன்றாக விட்டார். டார்பிடோ போய் மோதியது, தண்ணீர் தெறித்தது, வெடிக்கவில்லை. மீண்டும் மீண்டும் அதே. கடைசி ஒன்றை விடாமல் ஆய்வுக்காகத் திருப்பிக் கொண்டுவந்தார். என் பார்வையில் அந்தப் போரில் ஒரு கேப்டன் எடுத்த மிக நல்ல முடிவுகளில் இது ஒன்று. ஹவாயில் கஹூலாவே தீவின் செங்குத்துப் பாறையில் டார்பிடோக்களை விட்டு, வெடிக்காத ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு கிரேனில் 90 அடி உயரம் தூக்கி இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக மோதினால் ஃபயரிங் பின் (வெடிப்பைத் தொடங்கும் ஊசி) தன் தடத்திலேயே அழுந்தி உராய்ந்து, முதல் பொறியைத் தரும் சின்ன வெடித்தொப்பியைத் தட்டும் வலுவை இழந்தது. சாய்வாக மோதினால் பெரும்பாலும் தட்டியது. அதாவது கேப்டன் எவ்வளவு நன்றாகக் குறிவைத்தாரோ அவ்வளவுக்கு வெடிக்காது! பழைய, மெதுவான டார்பிடோவுக்கு வடிவமைத்த பின்னை 46 நாட் டார்பிடோவில் அப்படியே வைத்ததுதான் காரணம். எடை குறைந்த பின்னைச் செய்து மாட்டியதும், 1943 இலையுதிர் காலத்தில், கோளாறு தீர்ந்தது.

அதற்குப்பின் நடந்தது வேகமாக நடந்தது. நல்ல டார்பிடோ, இருட்டிலும் மூடுபனியிலும் கப்பலைக் காட்டும் எஸ்.ஜே. ரேடார், குறியிலக்கின் நகர்வைத் தொடர்ந்து கணித்து டார்பிடோவுக்குக் கோணத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும் கணிப்புக் கருவி, இவை மூன்றும் ஒரே கப்பலில் சேர்ந்தன. கூடவே ஜப்பானியச் சரக்குக் கப்பல்களின் சங்கேதச் செய்தியை உடைத்ததால், எந்தக் கான்வாய் (ஒன்றாகப் போகும் கப்பல் கூட்டம்) எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தது. எதிர்ப்பக்கத்தின் பிழையும் சேர்ந்தது. ஜப்பானியர்களிடம் உலகின் மிகச் சிறந்த டார்பிடோ இருந்தது; ஆனால் அவர்களுடைய நீர்மூழ்கிகள் போர்க்கப்பல்களையே தேடின, சரக்குக் கப்பல்களை விட்டுவிட்டன. தங்கள் சரக்குக் கப்பல்களுக்குப் பாதுகாப்புத் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில். 1944-இல் மட்டும் அமெரிக்க நீர்மூழ்கிகள் 20 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கடித்தன. எண்ணெய் வரத்து வறண்டது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, சேவைக்கு வந்து பத்தே நாளான ஷினானோ என்ற மாபெரும் விமானந்தாங்கியை ஆர்ச்சர்ஃபிஷ் நான்கு டார்பிடோக்களால் மூழ்கடித்தது.

எண்ணிக்கைகளில் கவனம் வேண்டும். போர்க்காலத்தில் கேப்டன்கள் சொன்ன கணக்கு ஏறக்குறைய ஒரு கோடி டன். போருக்குப் பின் அமெரிக்க ராணுவ-கடற்படைக் கூட்டுக் குழு ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டு அதைச் சுமார் 53 லட்சமாகக் குறைத்தது. அந்தக் குழுவின் கணக்கும் கறாரானது. டாங் என்ற நீர்மூழ்கி மூழ்கடித்ததாக அது ஒப்புக்கொண்டது 24 கப்பல், பின்னால் வந்த ஆய்வு 33 என்கிறது. ஜப்பான் இழந்த கப்பல்களில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளால் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் மாறவில்லை.

விலையும் கொடுத்தார்கள். 52 கப்பல்கள், சுமார் 3,500 பேர். ரோந்துக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் திரும்பவில்லை. டாங் 1944 அக்டோபரில் தன் கடைசி டார்பிடோவாலேயே மூழ்கியது. விட்ட டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி வந்து பின்பகுதியில் மோதியது. 78 பேர் இறந்தார்கள். கேப்டன் ஓகேன் உட்பட 9 பேர் பிழைத்தார்கள். இன்னொரு செய்தியை நிறையப் பேர் பகிர்கிறார்கள். 1943-இல் ஆண்ட்ரூ மே என்ற காங்கிரஸ் உறுப்பினர், ஜப்பானியர்கள் நீர்மூழ்கிகள்மேல் போடும் ஆழ்நீர்க் குண்டுகளை ஆழம் போதாமல் மேலாகவே வெடிக்க வைக்கிறார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் உளறிவிட்டார், அதனால் 10 கப்பல்களும் 800 பேரும் போனார்கள் என்பது. அவர் பேசியது உண்மை. 10, 800 என்பவை லாக்வுட் கோபத்தில் சொன்ன மதிப்பீடு. அந்தப் பேச்சால்தான் ஜப்பானியர்கள் ஆழத்தை மாற்றினார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பகிரும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீரக்கதையாக மட்டும் இதைப் படிக்கக் கூடாது என்பதற்கு நம் பக்கத்துக் காரணங்களும் உண்டு. 1943 ஜனவரி 26 அன்று வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்த புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இந்தியப் போர்க்கைதிகள் 491 பேர் இருந்தார்கள். 195 பேர் இறந்தார்கள். வாஹூவின் கேப்டன் மார்ட்டன், படகுகளில் தத்தளித்தவர்கள் பக்கம் சுட உத்தரவிட்டார். படகுகளிலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்பது வாஹூ மாலுமிகள் தரப்பு. அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. 1944 செப்டம்பரில் சீலயன் என்ற நீர்மூழ்கி மூழ்கடித்த ராகுயோ மாருவில் இருந்தவர்கள், சயாம்-பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்த அதே பாதை. உள்ளே கைதிகள் இருப்பது நீர்மூழ்கிக்குத் தெரியாது. சில நாள் கழித்து விஷயம் தெரிந்ததும் பாம்பனிட்டோ உள்ளிட்ட கப்பல்கள் எண்ணெய் படிந்த கடலிலிருந்து 150 பேருக்கு மேல் தூக்கி எடுத்தன.

பினாங்கு வாசகர்களுக்கு ஒரு தகவல். மலாக்கா நீரிணையின் வட வாயிலில் 1943 ஏப்ரலில் கிரனேடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி விமானக் குண்டில் சிக்கி, 270 அடியில் தரையில் கிடந்தது. மாலுமிகள் நாள் முழுக்க மோட்டாரோடு போராடி, இரவில் மேலே வந்து, ஓட்ட முடியாமல் துணியைப் பாய்மரமாகக் கட்டிக்கூடப் பார்த்துவிட்டு, கடைசியில் தாங்களே மூழ்கடித்தார்கள். பிடிபட்டவர்களை அடைத்துவைத்து வதைத்த இடம் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் பள்ளி.

இந்தியாவுக்கும் இந்த வடிவமைப்புக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய பாகிஸ்தானின் காஸி, 1945-இல் அமெரிக்கர்கள் கட்டிய டையாப்லோதான். பலாவோவுக்கு அடுத்த டென்ச் வகை. நம் விமானந்தாங்கியான விக்ராந்தைத் தேடி முதலில் சென்னைப் பக்கம் வந்தது என்பது நம் தரப்பு விவரம். ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட குண்டில் மூழ்கியது என்று நாம் சொல்கிறோம்; தான் இட்ட கண்ணிவெடியோ உள்வெடிப்போ காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள். நீர்மூழ்கிக்காரனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்வதென்றால், இரண்டுமே நடக்கக்கூடியவை. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்கு வர அவர்களிடம் இருந்த ஒரே கப்பல் அது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. பசிபிக் தூரத்துக்காகக் கொடுத்த டீசல் டாங்க் இருபத்தாறு வருடம் கழித்தும் அந்த வேலையைச் செய்தது.

நேரில் பார்க்க விரும்பினால் சான் பிரான்சிஸ்கோவில் பாம்பனிட்டோவும், பேர்ல் ஹார்பரில் போஃபினும், கிளீவ்லாண்டில் காட் (Cod) என்ற கப்பலும் அருங்காட்சியகமாக நிற்கின்றன. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் குர்சுராவுக்குப் போகலாம். ரஷ்ய வகைதான், ஆனாலும் எஞ்சின் அறையில் டீசல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும், டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் படுக்கைகளையும் பார்த்தால் மேலே எழுதியதில் பாதி சொல்லாமலே விளங்கும்.